வாசகர் கேள்வி – பதில்: ஸ்பானிய முன்னிடைச்சொற்கள்

கேள்வி: ஆங்கில வழிப் பாடநூல் ஒன்றின் துணையோடு ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கியிருக்கிறேன். முன்னிடைச்சொல் (பெயருக்கு முன் நிற்கும் 'preposition') ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து ஆங்கிலப் பொருள்கள் தரப்படுவதால் குழப்பமே மிஞ்சுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைகள் 'அ, அந்தே, பாஹோ, காபே, கொன், கொந்த்ரா' என்று ஒப்பிக்கும் பட்டியலில் 20-க்கும் மேற்பட்ட முன்னிடைச்சொற்கள் உண்டு. அவற்றுள் 'காபே' வழக்கொழிந்துவிட்டது. 'அ', 'தெ', 'என்', 'கொன்', 'சின்', 'போர்', 'பாரா' ஆகிய ஏழும் தொடக்கநிலைக்குப் போதுமானவை.

இவற்றைப் படிக்கையில் ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, நம் வேற்றுமை உருபுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'வோய் அ மாட்ரிட்' என்றால் மாட்ரிட்டுக்குப் போகிறேன். 'எஸ்தோய் என் மாட்ரிட்' என்றால் மாட்ரிட்டில் இருக்கிறேன். 'சோய் தெ மாட்ரிட்' என்றால் மாட்ரிட்டைச் சேர்ந்தவன். பெட்டிக்குள் இருப்பது, மேசைமேல் இருப்பது, வீட்டில் இருப்பது ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலம் மூன்று சொற்களைக் கேட்கிறது. ஸ்பானியத்துக்கு 'என்' ஒன்றே போதும், நமக்கு 'இல்' ஒன்றே போதுவதைப் போல. 'யாருடன் பேசுகிறாய்?' என்பதில் உருபு 'யார்' என்ற சொல்லோடு ஒட்டியே நிற்கிறது அல்லவா? ஸ்பானியத்திலும் 'கொன் கியென் ஆப்லாஸ்?' என்றே கேட்க வேண்டும். ஆங்கிலப் பேச்சில் நிகழ்வதுபோல் 'கொன்' பிரிந்து வாக்கியத்தின் இறுதிக்குப் போவதில்லை.

கேள்வி: 'போர்', 'பாரா' இரண்டுக்கும் 'ஆக' என்றே பொருள் எழுதிவைத்திருக்கிறேன். எதை எங்கே இடுவது?
– வாசகர், மதுரை

பதில்: அந்தப் பொருளை அடித்துவிடுங்கள், இந்த இடத்தில் தமிழ் உருபு உதவாது. 'பாரா' சென்றுசேரும் இடத்தையோ நோக்கத்தையோ காலக்கெடுவையோ காட்டும். 'போர்' காரணத்தையும் கடந்துசெல்லும் வழியையும் மாற்றாகக் கொடுக்கும் விலையையும் காட்டும். 'சலிமோஸ் பாரா செவில்யா' என்றால் செவில்யாவை நோக்கிப் புறப்படுகிறோம். 'பாசெயாமோஸ் போர் செவில்யா' என்றால் அந்நகரத் தெருக்களில் உலாவுகிறோம். 'பாரா எல் லூனெஸ்' என்பது திங்கட்கிழமைக்குள் முடியவேண்டிய வேலைக்கு உரியது; 'போர் தியெஸ் எவுரோஸ்' என்பது பத்து யூரோவுக்கு வாங்கிய பொருளுக்கு உரியது. 'கிராசியாஸ் போர் எல் கஃபே' என்று நன்றி சொல்கையில் காப்பி நன்றிக்குக் காரணம். ஆகவே அங்கே 'பாரா' வராது. கடினமான இணை 'பாரா தி', 'போர் தி' என்பதுதான். தமிழில் இரண்டையும் 'உனக்காக' என்றே சொல்லிவிடுகிறோம். பரிசை உன்னிடம் சேர்ப்பிக்க வாங்கியிருந்தால் 'பாரா தி'. உன் பொருட்டு ஒரு துன்பத்தை ஏற்றிருந்தால் 'போர் தி'.

கேள்வி: 'என் தங்கையைத் தேடுகிறேன்' என்பதற்கு 'புஸ்கோ அ மி எர்மானா' என்றும், 'வீடு தேடுகிறேன்' என்பதற்கு 'புஸ்கோ ஊன் பீசோ' என்றும் பாடநூலில் உள்ளது. முதல் வாக்கியத்தில் 'அ' எதற்கு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் தமிழ் வாக்கியங்களிலேயே விடை இருக்கிறது. 'தங்கையை' என்று 'ஐ' சேர்த்த நீங்கள், 'வீடு' என்பதற்குச் சேர்க்கவில்லை. செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதராக இருக்கும்போது ஸ்பானியமும் அதன் முன் 'அ' இடுகிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு விந்தையாகத் தோன்றும் இவ்விதி நமக்கு ஏறத்தாழ இயல்பானது. 'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்' என்பதில் நாம் 'ஐ' இடுவதில்லை; 'தெங்கோ ஊனா எர்மானா' என்பதிலும் 'அ' இல்லை. ஆனால் ஒற்றுமை முழுமையானதன்று. 'அந்தப் புத்தகத்தைப் படித்தேன்' என்று நாம் அஃறிணைக்கும் 'ஐ' சேர்ப்போம். ஸ்பானியம் அங்கே 'அ' சேர்க்காது.

'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதை 'அ மீ மெ குஸ்தா எல் கஃபே' என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விரும்புபவரை இரு மொழிகளும் நான்காம் வேற்றுமைப் பொருளில்தான் நிறுத்துகின்றன.

வினைகளோடு வரும் முன்னிடைச்சொற்களில் மட்டும் எந்த ஒப்பீடும் துணைக்கு வராது. உன்னை நினைக்கிறேன் என்பது 'பியென்சோ என் தி'. அவளை மணந்தான் என்பது 'செ கசோ கொன் எய்யா'. இத்தகைய வினைகளை அவற்றுக்குரிய முன்னிடைச்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

கேள்வி: 'அல்', 'தெல்', 'கொன்மீகோ' ஆகியவை தனி முன்னிடைச்சொற்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அல்ல. 'அ', 'தெ' இரண்டும் 'எல்' என்னும் சுட்டோடு (ஆங்கிலத்தின் 'the' போன்றது) புணர்ந்து 'அல்', 'தெல்' ஆகின்றன; அதன் பிற வடிவங்களான 'லா', 'லோஸ்', 'லாஸ்' ஆகியவற்றோடு புணர்வதில்லை. என்னோடு என்னும் பொருள்தரும் 'கொன்மீகோ' சுவையான சொல். இலத்தீனில் 'மேகும்' என்பதற்கே அப்பொருள் இருந்தது. அது 'மீகோ' என்று தேய்ந்து, உள்ளிருந்த உருபு மறக்கப்பட்டபின், முன்னால் மீண்டும் ஒரு 'கொன்' சேர்ந்தது. ஊர், நாட்டுப் பெயரின் பகுதியாகவே 'எல்' அமைந்திருந்தால் எழுத்தில் புணர்த்தக் கூடாது: எல் சால்வதோர் நாட்டுக்குப் போகிறேன் என்பதை 'வோய் அ எல் சால்வதோர்' என்றே எழுத வேண்டும்.