தொட்டியின் ஆரம்

அன்புள்ள ஐயா,

எனக்குக் காங்கேயம் பக்கம். பையன் எட்டாவது படிக்கிறான். காலை ஐந்தரைக்கு டியூஷன், ராத்திரி பத்து வரை படிப்பு. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம், “கணக்குல உலகத்துலயே எங்க ஊர்ப் பிள்ளைகதான் முதல்” என்கிறார். நம் பிள்ளைகள் இத்தனை பாடுபட்டும் ஏன் பின்னால் நிற்கிறார்கள்? காசா, மூளையா, பழக்கவழக்கமா? நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்றும் யோசனை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மச்சான் சொல்வது சரிதான். பதினைந்து வயதுப் பிள்ளைகளை நாடு நாடாகச் சோதிக்கும் பிசா தேர்வில், 2022இல் கணக்கில் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம், 575 புள்ளி. ஆனால் அங்கேயும் டியூஷனுக்குக் குறைச்சல் இல்லை என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

மூளையை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றுமில்லை. காசு? 2012இல் வியட்நாம் முதல்முறையாக எழுதிக் கணக்கில் 511 வாங்கியது. அமெரிக்கா 481. (வியட்நாமில் அந்த வயதில் பள்ளிக்கே வராத பிள்ளைகள் நிறைய, அவர்கள் இந்தத் தேர்வில் சேரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.) பழக்கவழக்கம் என்றால், பின்லாந்து 2006இல் 548, 2022இல் 484. பதினாறு வருஷத்தில் ஒரு நாட்டின் பழக்கவழக்கம் அவ்வளவா மாறிவிடும்?

நாமும் ஒருமுறை எழுதியிருக்கிறோம். 2009 சுற்றில் இந்தியா சார்பில் தமிழ்நாடும் இமாச்சலும். பட்டியலின் அடியில் கிர்கிஸ்தானோடு உட்கார்ந்தோம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா விலகிக்கொண்டது. எனக்கு உறுத்துவது இடம் இல்லை. தமிழ்நாட்டில் கணக்கில் அடிப்படை மட்டத்தைத் தொட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தான். மீதி 85 பேரை நாம் கவனிக்கவே இல்லை. நாட்டுச் சராசரி அவர்களையும் சேர்த்துத்தானே வரும்? பின்லாந்தில் பதினாறு வயது வரை கெட்டி, மக்கு என்று தனித்தனிப் பள்ளிக்குப் பிரிப்பதில்லை. நம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் முதலிலேயே நல்ல மார்க் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன. பிராய்லர் பள்ளி என்று சும்மாவா பேர் வந்தது!

போன மாதம் எங்கள் தோட்டத்து வட்டத் தொட்டிக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டேன். பத்தாவதில் கணக்கில் 96 வாங்கிய பிள்ளை. தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆரமே குடுக்கலீங்களே பெரியப்பா” என்றது. சிரிக்காமல் டேப்பைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் வெளியே சுற்றளவு பிடித்தது, 11 மீட்டர். ஆரம் 1.75, ஆழம் 1.6. பதினைந்தாயிரத்து நானூறு லிட்டர் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டியது. வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “சுவர் கனத்தைக் கழிக்கோணுமில்லீங்க?” என்றது. சுவர் 15 சென்டிமீட்டர். கழித்துப் போட்டால் பதிமூவாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் சுவருக்குள் போயிருந்தது!

பிசா கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான். ஆரம் கொடுக்காத கேள்வி. அந்தப் பிள்ளைக்கு அது முடியாததும் இல்லை, பத்து வருஷத்தில் யாரும் டேப்பைக் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நாம் வருஷம் பூராவும் ஓட்டுவது மாதிரி வினாத்தாள். சூத்திரம் எது என்று கேள்வியிலேயே எழுதியிருக்கும்.

விடுதி விஷயம். நேரில் போய், ஒன்பதாவது பாடத்தை எப்போது முடிப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். “ஒம்பதாவதுங்களா? ஜூன்லயே பத்தாவது ஆரம்பிச்சிருவோமுங்க” என்று பெருமையாகச் சொன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.