கணக்குப்பிள்ளை பதில்கள்: முதல் பெட்டிக்கு மொய்

(மும்பை பழ மண்டியில் 28 வருஷம் கணக்கு எழுதியவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

செம்பூர் வாசகி: ஜப்பானில் ஒரே ஒரு மீனை 21 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த பழைய செய்தியைப் பேரன் செல்போனில் காட்டினான். இரண்டு நாளாக வீட்டில் அதே பேச்சுதான். 'இது பணத்திமிர்' என்கிறார் என் கணவர். 'அவர் காசு, அவர் இஷ்டம்' என்கிறாள் மருமகள். பட்டினி கிடப்பவர்கள் இருக்கிற உலகத்தில் இது பாவம் இல்லையா?

அம்மா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த 21 கோடி, மீனுக்குக் கொடுத்த விலை இல்லை.

அது நடந்தது 2019 ஜனவரி 5-ம் தேதி, டோக்கியோவின் டோயோசு மார்க்கெட்டில், புத்தாண்டின் முதல் ஏலத்தில். சூரை மீனில் பெரிய ஜாதி, எடை 278 கிலோ. சுஷி கடைகள் பல வைத்திருக்கும் கியோஷி கிமுரா 33 கோடியே 36 லட்சம் யென் கொடுத்து எடுத்தார். கிலோ 12 லட்சம் யென். அதே மீன் இன்னொரு நாள் வந்திருந்தால் இதில் சிறு பங்குக்குத்தான் போயிருக்கும். எடுத்தவரும் அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. தன் கடைகளில் வழக்கமான விலைக்கே பரிமாறினார்.

இப்படி ஏறும் விலைக்கு ஜப்பான்காரர்கள் 'கோஷுகி' விலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் உறையில் போட்டுக் கொடுக்கும் பணத்துக்கும் அங்கே கோஷுகி என்றுதான் பெயர். அதாவது நம்முடைய மொய். வருஷத்தின் முதல் மீனுக்கு வைத்த மொய் அது. உலகம் முழுக்கப் பேப்பரில் அவர் கடையின் பெயர் வந்ததே, அந்த விளம்பரமும் அதில் சேர்த்திதான்.

இது எனக்குப் புதிதல்ல. வாஷி மண்டியில் ஹாபூஸ் மாம்பழத்தின் முதல் பெட்டி வந்து இறங்கும்போது நான் எத்தனையோ முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். பெட்டிக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, ஊதுபத்தி ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். அப்புறம் தரகரும் வாங்குபவரும் கைகோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள்ளே விரலைத் தொட்டுத் தொட்டு விலை பேசுவார்கள். வெளியே நிற்பவர்களுக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரியும். ஒரு வருஷம் அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த மாதாடித் தொழிலாளி, விலை என்ன என்று என் மேஜைக்கு வந்து கேட்டார். சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'என் தலையில் வந்த பெட்டி' என்று அன்று முழுவதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு யோசித்தும் அந்தச் சந்தோஷத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் இன்னொரு நாளும் ஞாபகத்தில் இருக்கிறது. ஒரு வருஷம் அந்த முதல் மரியாதை, ஹாபூஸ் விளையும் தேவ்கட் பக்கத்து விவசாயி ஒருவரின் பெட்டிக்குக் கிடைத்தது. மே மாதம் அவர் நேரில் வந்தார். வரத்து குவிந்து விலை சரிந்திருந்த நேரம். விவசாயிக்குக் கொடுக்கும் கணக்குச் சீட்டுக்கு இங்கே 'பட்டி' என்று பெயர். லாரி வாடகை, இறக்குக் கூலி, எடைக் கூலி, கமிஷன் எல்லாம் கழித்து எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திரும்ப எடுத்துப் பிரித்துப் பார்த்தார். முதல் பெட்டிக்கு வந்த பணம் மருந்து அடித்த கூலிக்கே போதவில்லை என்றார். அவருடைய முதல் பெட்டி விலை பேப்பரில் வந்தது. இந்தப் பட்டி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. (கமிஷனை விவசாயியிடம் பிடிக்கக் கூடாது என்று 2016-ல் மாநில அரசு மாற்றியது. நல்ல காரியம்.)

அதனால் உங்கள் கணவரிடமும் மருமகளிடமும் நான் ஒன்றுதான் கேட்பேன். வைத்த மொய் யார் வீட்டுக்குப் போனது? ஜப்பானில் யூபாரி என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடி, நகராட்சியே 2007-ல் திவாலான ஊர். முலாம்பழம்தான் அதன் பெயரைக் காப்பாற்றுகிறது. 2019-ல் முதல் ஏலத்தில் ஒரு ஜோடிப் பழம் 50 லட்சம் யென்னுக்குப் போனது. கொரோனா வந்த 2020-ல் அதே ஜோடி 1 லட்சத்து 20 ஆயிரம் யென். ருசி குறையவில்லை, மொய் வைக்க ஆள் இல்லை. அந்த ஊருக்குப் பணம் போனால் எனக்குச் சம்மதம். விளைவித்தவனுக்குப் போகாமல் நடுவிலேயே நின்றால், உங்களோடு சேர்ந்து நானும் கோபப்படுவேன்.

முலுண்ட் வாசகர்: நட்சத்திர ஹோட்டலில் ஒரு காபிக்கு 500 ரூபாய் பில் போட்டார்கள். வாயை மூடிக்கொண்டு கொடுப்பதுதான் நாகரிகமா?

விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பார்க்காமல் விட்டால் பில்லையாவது வரிவரியாகப் படியுங்கள். 2019-ல் நடிகர் ராகுல் போஸுக்குச் சண்டிகர் ஹோட்டல் ஒன்றில் 2 வாழைப்பழத்துக்கு 442 ரூபாய் 50 பைசா பில் வந்தது. நாடே சிரித்தது. ஆனால் ஹோட்டலுக்கு 25,000 ரூபாய் அபராதம் விழுந்தது விலைக்காக இல்லை, வரி கிடையாத பழத்துக்கு ஜி.எஸ்.டி. போட்டதற்காக.

தாராவி வாசகர்: எனக்கு விழுப்புரம் பக்கம். திருவெண்ணெய்நல்லூர் அருகே முருகன் கோயிலில் வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களைப் பங்குனி உத்திரத்தில் ஏலம் விடுவார்கள். 2024-ல் 9 பழம் 2 லட்சத்து 36 ஆயிரத்துக்குப் போனது. ஆபீசில் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

கேலி செய்பவர்களிடம் ஹைதராபாத் பாலாப்பூர் விநாயகர் லட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1994-ல் 450 ரூபாயில் ஆரம்பித்த ஏலம், 2024-ல் 30 லட்சத்தைத் தாண்டியது. ஊர் வேலைகளுக்கு அந்தப் பணம் போகிறது. இதெல்லாம் சாப்பாட்டு விலையே இல்லை, வேண்டுதல்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. அந்த எலுமிச்சையைப் பெரும்பாலும் கேட்பது குழந்தை இல்லாத தம்பதிகள். கையில் இருப்பதைக் கொடுத்தால் அது பக்தி. வட்டிக்கு வாங்கிக்கொண்டு போய் ஏலத்தில் நிற்க நினைத்தால், உங்கள் சொந்தத்தில் அப்படி யாராவது இருந்தால், அந்தப் பணத்தோடு முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

மாட்டுங்கா வாசகி: பிப்ரவரியிலேயே ஹாபூஸ் பெட்டி வாங்கி வந்துவிட்டார் மாமனார். வீட்டில் சண்டை. எப்போது வாங்கினால் கட்டுப்படியாகும்?

பெரியவர் ஆசையாக வாங்கியது, விடுங்கள். அடுத்த வருஷம் அட்சய திருதியை வரை பொறுக்கச் சொல்லுங்கள். மராட்டியக் குடும்பங்கள் நிறையப் பேர் அன்றுதான் முதல் மாம்பழம் சாப்பிடுவார்கள். வரத்தும் அப்போதுதான் கூடும், விலை மே மாதம் இன்னும் இறங்கும். பெட்டியில் தேவ்கட், ரத்னகிரி என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கொங்கண் ஹாபூஸுக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் வேறு மாநிலத்துப் பழம் அதே பெட்டியில் வருகிறது. மேலடுக்கைத் தள்ளிவிட்டு அடியில் இருக்கும் பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். வாசனை வரவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.