எந்த ஒழுங்கை?

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு டவுனுக்குள் வாவிக்கரை ஒழுங்கை ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். வயது 22. அப்பா கசிப்பில் மூழ்கியவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இரண்டு தரம் பொலிஸில் இரவு கழித்திருக்கிறேன். மூன்று வருஷமாக ஒரு வெல்டிங் கடையில் ஒழுங்காக வேலை செய்கிறேன். ஆனாலும் பெண் பார்க்கப் போனால், "எந்த ஒழுங்கை?" என்று கேட்டதும் முகம் மாறுகிறது. பேசாமல் கட்டாருக்குப் போய்விடவா? நீங்களும் இப்படி இடத்திலிருந்து வந்தவர்தானே, எப்படித் திருந்தினீர்கள்?

ரா.

அன்புள்ள தம்பி,

திருந்திய நாள் என்று ஒன்று எனக்கு இல்லை. கல்லடிப் பாலத்தடியில் விடிய விடியச் சீட்டாடிய கூட்டத்தில் நானும் ஒருவன். பதினாறு வயதில் சைக்கிள் கடையொன்றில் சேர்ந்தேன். முதல் கிழமையே லாச்சியிலிருந்து 200 ரூபாய் எடுத்தேன். முதலாளி கண்டுவிட்டார், ஆனால் வாய் திறக்கவில்லை. மறுநாள் சாவியைக் கையில் தந்து, "இனி நீதான் மனே கடை திறக்கணும்" என்றார். பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். பூட்டு கதவின் அடியில் இருந்தது, அவருக்கு முழங்கால் வலி. எப்படியோ, ஆறு மணிக்குக் கடை திறக்கிறவன் இரவு பாலத்தடியில் இருக்க முடியாதல்லவா? அவ்வளவுதான் நடந்தது.

கட்டாருக்குப் போவது தப்பில்லை. வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று வருஷ அனுபவத்தை வைத்தே என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பில் போய் உட்காரத் தேவையில்லை, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். முதலாளியிடம் ஒரு கடிதம் கேளுங்கள், நீங்கள் அடித்த கேற், கிறில்களைப் படம் எடுத்து வையுங்கள். ஓ.எல். பரீட்சையையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், வயது தடையில்லை.

முகம் மாறுகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் "வீடு கல்லடியில்" என்று பொய் சொல்லித்தான் கலியாணம் பேசினேன். பெண்ணின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கல்லடிச் சந்தியில் இறக்கிவிடுவார். அவர் மறையும் வரை கையசைத்துவிட்டு, பாலத்தைத் திரும்ப நடந்தே கடந்து டவுனுக்கு வருவேன். 1924இல் கட்டிய பழைய பாலம், புதியது 2013இல்தான் வந்தது. எதிரே லொறி வந்தால் கம்பியோடு ஒட்டி நிற்க வேண்டும். நான்கு மாதம் இப்படி நடந்தேன். கடைசியில் ஒருநாள் அதே அண்ணன் பாலத்தின் நடுவில் வைத்து என்னைப் பிடித்துவிட்டார்.

கலியாணம் நடந்தது, அது வேறு கதை. நீங்கள், அவர்கள் கேட்கும் முன்பே ஒழுங்கையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கால் மிச்சம்.