4 வயதுப் பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாமா?

தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. இலங்கையில் 5 முதல் 16 வயது வரைதான் கல்வி கட்டாயம். பாலர் பாடசாலை அதற்குள் வராது. முதலாம் தரத்துக்கு மட்டும் நேரத்தோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். மகளுக்கு நேர அட்டவணை போட்டு ஒரு கிழமை பாடுபட்டேன். இரண்டு பேருக்கும் அழுகைதான் மிச்சம். சரி என்று விட்டுவிட்டேன். இப்போது காலையில் அரிசி அளப்பது அவள் வேலை. சுண்டை நிரப்பி, மேலே குவிந்து நிற்பதை விரலால் வழித்துவிட்டு, "அம்மா, மூன்று சுண்டு. மாமி வந்தால் நாலு" என்பாள். கூட்டல் அப்படித்தான் வந்தது. நண்டு வாங்கினால் கால்களை எண்ணாமல் சட்டியில் போட விடமாட்டாள்: கொடுக்குகளோடு சேர்த்துப் பத்து. பின்னேரம் வாவிக்கரையில் தோணிகளில் எழுதியிருக்கும் பெயர்களில் எழுத்துத் தேடுவாள். 'ம'வைக் கண்டால் ஒரே ஓட்டம்.

எழுதிப் பழக நாளுக்குக் கால் மணித்தியாலம் போதும், அதுவும் மணலில் விரலால். ஒன்றை மட்டும் விடாதீர்கள், மற்றப் பிள்ளைகளோடு விளையாட்டு. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதுதான் குறையும். நான் அயல்வீட்டுப் பிள்ளைகளை எங்கள் முற்றத்துக்கே கூப்பிட்டுவிடுவேன்.