கேள்வி – பதில்: பீட்டில்ஸின் அரிய ஒலிப்பதிவுகள்

சென்ற இதழில், 1960களில் உலகப் புகழ்பெற்ற இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸின் ஆல்பங்களில் இடம்பெறாத பதிவுகளைத்தான் நான் இப்போது அதிகம் கேட்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை என்பது பெரம்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பீட்டில்ஸின் எல்லா ஆல்பங்களையும் கேட்டு முடித்துவிட்டேன். ஒலித்தரம் குறைந்த பழைய பதிவுகளைத் தேடிப் போவதால் புதிதாக என்ன கிடைக்கும்? எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அவர்கள் பட்ட பாடு கிடைக்கும். ஆல்பத்தில் நமக்குக் கிடைப்பது முடிந்த வேலை. அந்த வேலை எப்படிக் கைவந்தது என்பதைக் காதால் கேட்டு அறிய இந்தப் பதிவுகளை விட்டால் வேறு வழியில்லை.

1958 ஜூலையில், பின்னாளில் பீட்டில்ஸ் ஆகவிருந்த, அப்போது குவாரிமென் என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்த சிறுவர்கள் லிவர்பூல் நகரில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் தம் வீட்டிலேயே நடத்திவந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், கையிலிருந்த காசைப் போட்டு ஒரே ஒரு இசைத்தட்டு பதிவு செய்துகொண்டார்கள். ஜான் லெனனுக்கு அப்போது வயது 17, பால் மெக்கார்ட்னிக்கு 16, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 15. தட்டின் ஒரு பக்கம் அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் பாடல். மறு பக்கம் பாலும் ஜார்ஜும் சேர்ந்து அமைத்த சொந்தப் பாடல். இருந்தது ஒரே பிரதி என்பதால் ஆளுக்குச் சில நாள் என்று முறை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அது பியானோ வாசித்த ஜான் லோவின் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1981-இல் பால் அதை விலை கொடுத்து வாங்கினார். 1995-இல் வெளிவந்த, பீட்டில்ஸின் பழைய பதிவுகளைத் திரட்டிய ‘ஆந்தாலஜி’ வரிசையின் முதல் தொகுப்பில்தான் உலகம் அதைக் கேட்டது. தட்டின் கீறல் ஒலிக்கு அப்பால், தன் குரல் எப்படி ஒலிக்கிறது என்பதை முதல் தடவையாகத் தெரிந்துகொள்ளப் போகும் ஒரு பையனின் கவனம் அந்தப் பாட்டில் கேட்கிறது. எனக்கு அந்தக் கவனம் ஒன்றே போதும்.

அடுத்தது 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் பாடிக்காட்டிய 15 பாடல்கள். டெக்கா அவர்களை வேண்டாம் என்றது. அதற்காக அந்த நிறுவனத்தாரை இன்றுவரை எல்லோரும் குறை சொல்கிறார்கள். அந்தப் பதிவைப் பலமுறை கேட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. குரலில் பதற்றம் இருக்கிறது. பாடல் தேர்வு சிதறிக் கிடக்கிறது. பதினைந்தில் சொந்தப் பாடல்கள் மூன்றே. அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் நானும் தயங்கியிருப்பேன்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் பி.பி.சி. வானொலிப் பதிவுகள். 1962-க்கும் 1965-க்கும் இடையில் அவர்கள் வானொலிக்காக 88 பாடல்களை 275 முறை இசைத்தார்கள். அவற்றுள் 36 பாடல்கள் அந்த நாளில் அவர்களுடைய இசைத்தட்டு எதிலும் வரவில்லை. பல நிகழ்ச்சிகளின் மூல நாடாக்கள் பாதுகாக்கப்படாமல் அழிந்துபோன நிலையில், வீட்டில் வானொலிப் பெட்டியின் அருகே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்துகொண்ட நேயர்களின் நாடாக்கள் சில இடைவெளிகளை நிரப்பின. 1994-இலும் 2013-இலும் இரண்டு தொகுப்புகளாக இவை வெளிவந்திருக்கின்றன. ஒலி தெளிவாகவே இருக்கும். 1994-ஆம் ஆண்டுத் தொகுப்பை முதலில் கேளுங்கள்.

கேள்வி: நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஹாம்பர்க் ஸ்டார் கிளப் பதிவை நண்பர் ஒருவர் கேட்கக் கொடுத்தார். கூச்சலும் இரைச்சலுமாக இருக்கிறது. இதை எதற்காகப் போற்றுகிறார்கள்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: உங்கள் தொழிலில் இருப்பவருக்குத்தான் அந்தப் பதிவு மற்ற எவரையும்விட நன்றாகப் புரியும். ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவில் இரவு ஒன்பதுக்கு மேடையேறி விடியும்வரை வாசித்திருப்பீர்கள். விரும்பிக் கேட்டவர் பாதியில் எழுந்து போவார். கேட்காதவர் சீட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார். பாடகருக்குத் தொண்டை கட்டும். இருந்தும் அடுத்த பாட்டைத் தொடங்கியாக வேண்டும். 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகருக்குப் போன பீட்டில்ஸுக்கு வாய்த்ததும் அதே வாழ்க்கைதான். முதலில் வாசித்த விடுதியில் வாரநாட்களில் நாலரை மணி நேரம், வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் என்பது ஒப்பந்தம். நேரத்தை நிரப்பக் கைவசம் பாட்டு போதாமல், கிடைத்த பாட்டையெல்லாம் கற்றார்கள். ஒரே பாட்டை நீட்டினார்கள். குடித்துவிட்டு வந்த மாலுமிகளை நாற்காலியில் உட்கார வைக்கக் கற்றார்கள்.

ஸ்டார் கிளப் பதிவு 1962 டிசம்பர் கடைசியைச் சேர்ந்தது. ‘கிங்சைஸ்’ டெய்லர் என்று அழைக்கப்பட்ட சக இசைக்கலைஞர் ஏற்பாடு செய்த பதிவு அது. வீட்டு உபயோகத்துக்கான டேப் ரெக்கார்டரில், ஒரே மைக்கை வைத்து எடுத்தது. ஆகவே குரல் பின்னால் போய்விட்டது, டிரம்ஸும் விடுதியின் பேச்சும் முன்னால் வந்துவிட்டன. 1977-இல் இசைத்தட்டாக வெளிவந்தது. பீட்டில்ஸ் தரப்பு அதை விரும்பவே இல்லை. ஜார்ஜ் ஹாரிசனே லண்டன் நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்ன பிறகு, 1998-இல் உரிமை அவர்கள் பக்கம் வந்தது. இசைத்தவரே விரும்பாத ஒன்றை நாம் கேட்கலாமா என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. இருந்தாலும் கேட்கிறேன்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தப் பதிவில் ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ இருக்கிறது. அடுத்த ஆறேழு வாரங்களில், 1963 பிப்ரவரி 11 அன்று, முதல் ஆல்பத்துக்கான பத்துப் பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்தபோது, கடைசியாக அதே பாட்டைப் பாடினார்கள். லெனனுக்கு அன்று ஜலதோஷம். நாள் முழுதும் பாடித் தொண்டை புண்ணாகியிருந்தது. முதல் டேக்கிலேயே, அதாவது ஒரே முறை பாடிப் பதிவு செய்ததிலேயே, பாட்டு முடிந்தது, அதுவே ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஒரே டேக்கின் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஹாம்பர்க் நாடா பதில் சொல்கிறது. ஹெட்போன் வேண்டாம், சாதாரண ஸ்பீக்கரில், அறையின் மறு மூலையில் உட்கார்ந்து கேளுங்கள். இரைச்சல் தணிந்து தாளம் மேலே வரும். முதலில் பால் வாசிக்கும் பேஸ் கிட்டாரையும் டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோவின் அடியையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே பாட்டின் பல டேக்குகளைக் கேட்பதில் அலுப்புத் தட்டாதா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: தட்டும், மறைக்க விரும்பவில்லை. பல பாட்டுகளில் இரண்டாம் டேக்குக்கும் ஐந்தாம் டேக்குக்கும் உள்ள வேறுபாடு, யார் முதலில் தப்பு செய்தார் என்பது மட்டுமே. ஆனால் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ அந்தக் கணக்கில் சேராது.

1966 இலையுதிர் காலத்தில் ஒரு திரைப்படப் பிடிப்புக்காக ஸ்பெயினில் தங்கியிருந்த லெனன், தனியாக உட்கார்ந்து கிட்டாரில் அந்தப் பாட்டைத் தடவித் தடவிக் கண்டெடுத்தார். நவம்பர் 24 அன்று லண்டனில் பதிவு தொடங்கியது. முதல் டேக்கில் பல்லவி முன்னால் வராது. சரணத்திலேயே பாட்டு தொடங்கும். குரல் மிக அருகில், ஒருவர் நம்மிடம் தயங்கித் தயங்கி எதையோ சொல்வது போல இருக்கும். அடுத்த சில நாட்களில் ஏழாவது டேக் அமைதியான முழு வடிவம் பெற்றது. லெனனுக்கு அது போதவில்லை. டிரம்பெட்டும் செல்லோவும் சேர்த்து, வேகமும் கனமும் கூட்டி, இன்னொரு வடிவத்தை எடுத்தார்கள். அது இருபத்தாறாவது டேக். பிறகு அவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம், அதன் தொடக்கமும் இதன் முடிவும் பிடித்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிடுங்கள் என்றார். சுருதி வேறு, காலப்பிரமாணம் வேறு. மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் நாடாவின் ஓட்டத்தை மாற்றி இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து ஒட்டினார்கள். நாம் அறிந்த பாட்டில் ஏறக்குறைய ஒரு நிமிடம் கழிந்ததும் அந்த ஒட்டு வருகிறது.

‘ஆந்தாலஜி’ இரண்டாம் தொகுப்பில் லெனனின் வீட்டுப் பதிவும் முதல் டேக்கும் ஏழாம் டேக்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றைக் கேட்ட பிறகு மூலப் பாட்டைக் கேட்டால், அந்த ஒட்டு வரும் இடத்தில் தரை சற்று இறங்குவது போல உணர்வீர்கள். எனக்கு முதல் டேக்தான் பிடித்தமானது. இறுதி வடிவம் அதைவிடப் பெரிய சாதனை என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

கேள்வி: இந்தியாவில் அவர்கள் எதையாவது பதிவு செய்திருக்கிறார்களா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஆம். 1968 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாயில் எச்.எம்.வி.யின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்தியக் கலைஞர்களை வைத்து இசைத்ததுதான் ‘தி இன்னர் லைட்’ பாட்டின் இசைப்பகுதி. சரோத், ஷெனாய், புல்லாங்குழல், பகவாஜ், ஹார்மோனியம் என்று எல்லாமே நம் நாட்டு மேடைகளில் ஒலிப்பவை. பீட்டில்ஸ் குழுவின் வேறு எவரும் அதில் வாத்தியம் எதையும் தொடவில்லை. குரலைப் பிப்ரவரியில் லண்டனில் சேர்த்தார்கள். மார்ச்சில் ‘லேடி மடோனா’ தட்டின் மறுபக்கமாக வந்தது. 2018-இல் வெளியான ‘ஒயிட் ஆல்பம்’ ஐம்பதாண்டுத் தொகுப்பில் குரல் சேராத ஆறாவது டேக் இருக்கிறது. நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஷெனாயின் அந்த மெல்லிய குழைவு எவ்வளவு அருகில் வருகிறது என்பதை, குரல் விலகிய அந்த வடிவத்தில்தான் நான் உணர்ந்தேன்.

அதே தொகுப்பில், தியானம் கற்கச் சென்றிருந்த ரிஷிகேசத்திலிருந்து திரும்பிய பிறகு 1968 மே மாதத்தில் ஜார்ஜின் வீட்டில் கூடி அவர்கள் பதிவு செய்துகொண்ட 27 பாடல்களும் உள்ளன. அந்த வீடு இருந்த ஊரின் பெயரால் ஈஷர் பதிவுகள் என்று இவற்றைச் சொல்வார்கள். ரிஷிகேசப் பயணத்தைப் பற்றி லெனன் அங்கே பாடும் ஒரு மெட்டு, சொற்களையெல்லாம் மாற்றிக்கொண்டு, 1971-இல் அவருடைய ‘ஜெலஸ் கை’ ஆனது.

கேள்வி: 2023-இல் வந்த ‘நவ் அண்ட் தென்’ பாட்டில் இருப்பது கணினி உருவாக்கிய குரல் என்கிறார்களே? இன்னும் வெளிவராமல் ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: குரல் லெனனுடையதேதான். 1970களின் பிற்பகுதியில் அவர் வீட்டில் பியானோவுடன் பாடிப் பதிவு செய்த கேசட் அது. 1980-இல் லெனன் மறைந்த பிறகு, 1995-இல் மற்ற மூவரும் முயன்றும், குரலைப் பியானோவிலிருந்தும் இரைச்சலிலிருந்தும் பிரிக்க முடியாமல் கைவிட்டார்கள். திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் பின்னாளில் குரலை மட்டும் பிரித்துக் கொடுத்தது. 2001-இல் மறைந்த ஜார்ஜின் கிட்டாரும் 1995-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டதே. வெளிவராதவற்றுள் புகழ்பெற்றது, 1967 ஜனவரி 5 அன்று பதிவான, ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் ‘கார்னிவல் ஆஃப் லைட்’.

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தாவின் பெட்டியில், கையால் சுற்றும் கிராமபோனுக்கான கனமான தட்டு ஒன்று கிடைத்தது. பார்லோஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் லேபிளில் பீட்டில்ஸ் பெயர் இருக்கிறது. அவர்கள் காலத்தில் இந்த வகைத் தட்டே வழக்கொழிந்துவிட்டது, இது போலி என்கிறார் பழைய பொருள் வாங்குபவர். உண்மையா?
– வாசகி, ராயபுரம்

பதில்: அவசரப்பட்டு அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1960 வாக்கிலேயே, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இந்த 78 சுழற்சித் தட்டுகளின் காலம் முடிந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் மின்சாரம் எட்டாத வீடுகளில் கைக் கிராமபோன் பாடிக்கொண்டிருந்த நம் நாட்டில், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் 1960களின் நடுப்பகுதிவரை பீட்டில்ஸ் பாடல்களை 78 சுழற்சித் தட்டுகளாகவே அச்சிட்டார்கள். உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள் அது. நானும் சிறுவனாக இருந்தபோது ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் குடியிருந்த, பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியர் ஒருவர், அதை மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளின் குவியலிலிருந்து வாங்கிவந்து, ஞாயிறு மாலைகளில் சுழல விடுவார். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது அவர் முதலில் வருந்தியது அந்தக் குவியல்களை நினைத்துத்தான்.

அந்தத் தட்டு அரக்கால் ஆனது; கீழே விழுந்தால் ஓடு போல உடையும். ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது, அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான துணியால், சுற்றுக் கோடுகளின் போக்கிலேயே துடைத்து நிழலில் உலர்த்துங்கள். நடுவில் உள்ள காகித லேபிளில் ஈரம் படக் கூடாது. கடற்காற்று வரும் வீடாக இருந்தால் சன்னலோரம் வைக்காமல், புதிய காகித உறையில் போட்டு, படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கிராமபோனின் எஃகு ஊசியில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அது தட்டைத் தேய்க்கும். லாங் பிளே தட்டுக்கான ஊசியும் பொருந்தாது, 78 தட்டின் பள்ளம் லாங் பிளே தட்டின் பள்ளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். அதற்கென்றே உள்ள ஊசி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய், பக்கத்துக்கு ஒருமுறை ஓட்டி, கணினியில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். விற்பதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். அதற்குள், தாத்தா அதை எந்த ஆண்டு, எங்கே, என்ன விலைக்கு வாங்கினார் என்பது பாட்டிக்கோ பெரியப்பாவுக்கோ நினைவிருந்தால், கேட்டு உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்.