கறுப்புப் புலியும் ஒரு கணக்கும்: பிளஸ் டூ மாணவியின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. "பரிணாமம், மரபியல் என்கிறாள். படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாள்?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் படிப்பால் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் சில புலிகளுக்குக் கோடுகள் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து, உடம்பே கறுத்துத் தெரியும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல் காரணத்தைக் கண்டுபிடித்தது. ஒரு மரபணுவின் டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்று மாறியிருக்கிறது. தாய், தந்தை இருவர் வழியாகவும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி கறுக்கும். வேறு காடுகளில் காணாத அது அங்கே மட்டும் பெருகியதற்குக் காரணம், வெளிப்புலி வந்து கலக்காமல் கொஞ்சம் புலிகளே தங்களுக்குள் இணைந்துகொண்டதுதான். நம் வண்டலூர் பூங்காவின் கறுப்புப் புலிகளிடமும் இதே மாற்றம்தான். எந்தக் காட்டை எந்தக் காட்டோடு இணைப்பது என்று வனத்துறைக்குச் சொல்ல இது தெரிந்த ஆள் வேண்டும். நெல் ரகம் உருவாக்கவும் நாட்டு மாட்டினம் காக்கவும் அப்படித்தான்.

எனக்குக் கவலை தந்தது வேறு. "பயாலஜிதானே, கணக்கு ஒப்புக்குப் போதும்" என்கிறாளாமே! இந்தத் துறையின் அஸ்திவாரமே கணக்குதான். அவள் விலங்கியல் பாடத்தில் ஹார்டி–வீன்பெர்க் கொள்கை வரும்; வெளித்தாக்கம் இல்லாவிட்டால் ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைதோறும் மாறாது என்று கணக்கால் சொல்வது அது. அதை 1908-ல் எழுதிய ஹார்டி, நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே கணித மேதை. ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்விலும் 60 கேள்விகளில் 15 கணக்கு.

திருப்பதியிலேயே ஐசர் இருக்கிறது, ஐந்தாண்டுப் படிப்பு. கிடைக்காவிட்டால் நல்ல அரசுக் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ சேரட்டும், கூடவே புள்ளியியலும் கணினி நிரல் எழுதுவதும் கற்கட்டும். பயிர்ப் பக்கம் மனம் போனால் கோவை வேளாண் பல்கலைக்கழகம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். முனைவர் பட்டம் வரை போனால் பத்து வருடம் ஆகிவிடும். அதில் பிற்பாதியில் உதவித்தொகை உண்டு. தேசியத் தேர்வெழுதி ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதற்கு முந்தைய ஐந்து வருடச் செலவை வீடு தாங்குமா என்று அவளையும் உட்காரவைத்தே பேசுங்கள்.

இந்த வாரம் அந்த ஹார்டி பாடத்தின் கணக்குகளை அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.