96 சதவீதம் திரும்பி வரும் என்றார்களே, எங்கே போனது?

கேள்வி: வணக்கம் சார். ஆறு மாதமாக ஆன்லைனில் ஸ்லாட், அதாவது படச் சக்கரம் சுழலும் சூதாட்டம், விளையாடுகிறேன். கண்மூடித்தனமாக ஆடுகிறவன் இல்லை. ஆர்டிபி 96 சதவீதம் உள்ள விளையாட்டை மட்டும்தான் எடுப்பேன். வொலட்டிலிட்டி, ஹிட் ஃப்ரீக்வென்சி எல்லாம் பார்ப்பேன். வாரத்துக்கு 200 என்று ஒதுக்கி, எக்செல் தாளில் எழுதியும் வைக்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அப்படித்தான். என் கணக்குப்படி மாதம் 800 போட்டால் 32தான் போக வேண்டும். ஆனால் போன மாதம் 590 போய்விட்டது. தளத்தின் அறிக்கையில் மொத்தப் பந்தயம் 14,400 என்று வேறு இருக்கிறது. நான் அவ்வளவு பணம் போடவே இல்லை. மெஷினில் ஏமாற்று வேலை நடக்கிறதா? இப்போது 100க்கு 100 போனஸ் தருகிறார்கள், 35 மடங்கு வேஜரிங். விஐபி மேனேஜரும் போன் செய்தார். மாதச் சேமிப்பை இரண்டு மாதம் நிறுத்திவிட்டு, விட்டதைப் பிடித்துவிடலாமா? கடைசி இரண்டு வாரம் கிரெடிட் கார்டில்தான் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: பெயரோடு நாணயத்தையும் எடுத்துவிட்டேன், எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு மாறாது. கார்டு விஷயத்தைக் கடைசி வரியில் செருகியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் கடிதங்களில் முக்கியமான வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஏமாற்று வேலை. உங்கள் அறிக்கையை வைத்துப் பார்த்தால் அதற்கான தடயம் இல்லை. 14,400இல் 590 என்பது 4.1 சதவீதம். அதாவது மெஷின் 95.9 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. சொன்ன 96க்கு இதைவிட நெருக்கமாக ஒரு மாதம் அமைவதே அபூர்வம். வாக்குத் தவறவில்லை. நீங்கள் அளந்துதான் போட்டீர்கள். அளந்த படிதான் அவர்களுடையது.

ஆர்டிபி என்றால் ரிட்டர்ன் டு பிளேயர், ஆடுபவருக்குத் திரும்புவது. எதில் 96 சதவீதம் என்பதில்தான் சறுக்கிவிட்டீர்கள். வீட்டிலிருந்து எடுத்துப்போகும் பணத்தில் இல்லை, ஒவ்வொரு ஸ்பின்னுக்கும், அதாவது சக்கரத்தின் ஒவ்வொரு சுழற்றலுக்கும், வைக்கும் பந்தயத்தில். நீங்கள் 2 வைக்கிறீர்கள், ஒன்றும் விழவில்லை. மறுபடி 2, இப்போது 5 விழுகிறது. அந்த 5ஐ எடுத்து வைக்கிறீர்களா? இல்லை, அதுவும் அடுத்தடுத்த ஸ்பின்னில் உள்ளே போகிறது. இப்படிப் போனது, வந்தது, மறுபடி போனது என்று எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் 14,400. கேசினோக்காரர்கள் இதை 'காயின்-இன்' என்பார்கள். நாணயம் போட்டு ஆடிய காலத்துச் சொல், நாணயம் போனபின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஹேண்டில்' என்பதும் இதேதான்.

உங்கள் 800 அந்த ஒரு மாதத்தில் 18 முறை சுழன்றிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 4 சதவீதம் என்றால் 72 சதவீதம். 800இல் 72 சதவீதம் 576. நீங்கள் எழுதிய 32 ஒரே ஒரு சுற்றுக்கான கணக்கு. ஸ்பின்னுக்கு 2 வீதம் 14,400 என்றால் 7,200 ஸ்பின்கள். நிமிடத்துக்குப் பத்து என்று வைத்தால் மாதம் 12 மணி நேரம், வாரம் 3 மணி நேரம். சரியாக இருக்கிறதா? மணிக்கு 48 வீதம் வாடகை கொடுத்து ஆடியிருக்கிறீர்கள்.

இந்தப் பெருக்கலை உங்களுக்கு முன்பே ஒருவர் போட்டு வைத்திருக்கிறார்: உங்களுக்குப் போன் செய்த விஐபி மேனேஜரின் கம்ப்யூட்டர். 'தியோ' என்பார்கள், தியரட்டிக்கல் லாஸ் என்பதன் சுருக்கம். மொத்தப் பந்தயத்தை வீட்டுப் பங்கால் பெருக்கினால் தியோ. 'வீடு' என்றால் கேசினோ, உங்கள் வீடு இல்லை. ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு தியோ என்பதற்கு 'ஏடிடி' என்று தனிப்பெயர். இலவச ஸ்பின், அறை, சாப்பாடு, பாயின்ட் என்று 'காம்ப்' கொடுப்பதெல்லாம் இந்த எண்ணைப் பார்த்துத்தான். அதிலிருந்து ஒரு பகுதி உங்களுக்கே திரும்பி வருகிறது. உங்களுக்குப் போன் வந்தது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பார்த்து இல்லை, உங்கள் தியோவைப் பார்த்து. மேசை ஆட்டத்தில் பெரும்பணம் வைப்பவரை 'திமிங்கலம்' என்பார்கள். சின்னப் பந்தயத்தை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டே இருப்பவர் 'கிரைண்டர்', அரைப்பவர். நாம் எல்லாம் இரண்டாம் வகை. அரைபடுவது யார் என்பதுதான் அந்தப் பெயரில் தெளிவாக இல்லை.

நீங்கள் பார்ப்பதாகச் சொன்ன மற்ற இரண்டையும் பார்ப்போம். வொலட்டிலிட்டி என்பது பணம் எப்படித் திரும்பும் என்பதைச் சொல்வது. எவ்வளவு திரும்பும் என்பதை இல்லை. குறைவாக இருந்தால் அடிக்கடி சில்லறையாக வரும். அதிகமாக இருந்தால் நெடுநேரம் வறட்சி, எப்போதாவது ஒரு கொட்டு. இரண்டிலும் வீட்டுப் பங்கு அதே 4 சதவீதமாக இருக்கலாம். குறைந்த வொலட்டிலிட்டி 'பாதுகாப்பானது' என்று நினைத்தால், பங்குச் சந்தைச் சொல்லை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். மெதுவாகத் தீரும், அவ்வளவே.

ஹிட் ஃப்ரீக்வென்சி இன்னும் மோசமான வழிகாட்டி. 30 சதவீதம் என்றால் நூறு ஸ்பின்னில் சுமார் முப்பதில் ஏதோ ஒன்று விழும். அந்த 'ஏதோ ஒன்று' எவ்வளவு? திரையில் சின்னங்கள் சேர வேண்டிய 20 கோடுகளில், கோட்டுக்கு ஒரு கிரெடிட் வீதம் 20 கிரெடிட் வைத்திருக்கிறீர்கள், 8 விழுகிறது. விளக்கு மின்னுகிறது, மணி அடிக்கிறது, திரையில் 'வெற்றி' என்று எழுத்து. உங்கள் பணத்தில் 12 குறைந்திருக்கிறது. ஹிட் கணக்கில் இதுவும் ஒரு ஹிட். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இதை 'வெற்றி வேடமிட்ட தோல்வி' என்ற பொருளில் எழுதினார்கள். ஆடுபவரின் உடல் இதை உண்மையான வெற்றியைப் போலவே உணர்கிறது என்பதைத்தான் அவர்கள் அளந்து காட்டினார்கள். பிரிட்டனில் 2021 அக்டோபர் 31 முதல் ஆன்லைன் ஸ்லாட்டில் வைத்ததைவிடக் குறைவாக வந்தால் கொண்டாட்ட ஒலி எழுப்பக் கூடாது. ஸ்பின்னுக்கு 2.5 விநாடியாவது ஆக வேண்டும், தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும் ஆட்டோப்ளேயும் கிடையாது. ஒலியும் வேகமும் சும்மா அலங்காரம் என்றால் சட்டம் போட்டு நிறுத்தியிருப்பார்களா?

'கொஞ்சத்தில் தப்பிவிட்டது' என்ற உணர்வும் இப்படித்தான். பழைய மெஷினில் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த லிபர்ட்டி பெல்லில் மூன்று சக்கரங்கள். சின்னங்களை எண்ணிப் பார்த்தே வாய்ப்பைக் கணக்கிட்டுவிடலாம். 1984இல் இன்கே டெல்னஸ் (Inge Telnaes) என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் எண் முடிவு செய்யும். சக்கரம் அந்த முடிவை நடித்துக் காட்டும். கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 இடங்கள் என்றால் மூன்றுக்கும் சேர்த்து 10,648 சேர்க்கைகள். உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சக்கரத்தில் 64 இடங்கள் வைத்தால் 2,62,144. ஜாக்பாட் சின்னத்துக்கு அதில் ஒரே ஒரு இடம், அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய இடம் என்று பிரித்தால் போதும். சின்னம் கோட்டுக்கு ஒரு நூல் மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும். தப்பியது ஒரு நூல்தான் என்று உங்கள் கண் சொல்கிறது. எண்ணில் அப்படி ஒரு நூல் கிடையாது.

அதனால்தான் 'இந்த மெஷின் சூடாக இருக்கிறது', 'குளிர்ந்துவிட்டது', 'ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, இனி கொடுத்தே ஆக வேண்டும்' என்பதற்கெல்லாம் பொருள் இல்லை. ஒவ்வொரு ஸ்பின்னும் புதிது, முந்தையதன் நினைவு அதற்கு இல்லை. அதிகம் கொடுக்கும் மெஷினை 'லூஸ்' என்றும், கொடுக்காததை 'டைட்' என்றும் சொல்வார்கள். தமிழில் லூஸ் என்றால் வேறு பொருள். அந்தப் பொருளில் அங்கே யார் லூஸ் என்பதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பெயர், ஒரே படம், ஒரே இசை உள்ள விளையாட்டுக்கே பல ஆர்டிபி பதிப்புகள் உண்டு. தளம் விரும்பியதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு தளத்தில் 96 என்று பார்த்ததை இன்னொரு தளத்திலும் 96 என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், தகவல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 75 சதவீதம், நியூஜெர்சியில் 83. உரிமம் இல்லாத தளம் என்றால் அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பே இல்லை. உங்கள் தளம் உங்கள் நாட்டுச் சட்டப்படி நடக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து போனஸ். 100 தருகிறார்கள், 35 மடங்கு வேஜரிங். 3,500க்குப் பந்தயம் வைத்த பிறகுதான் ஒரு பைசா வெளியே எடுக்கலாம். 3,500இல் 4 சதவீதம் 140. 100 இலவசத்துக்கு 140 செலவு. சில தளங்களில் நீங்கள் போட்ட 100ஐயும் சேர்த்து 35 மடங்கு என்பார்கள். அப்போது 7,000, அதில் 4 சதவீதம் 280. கையில் இருப்பதே 200தான், ஆகவே பலருக்கு மடங்கு முடியும் முன்பே பணம் முடிந்துவிடும். நடுவில் பெரிதாக விழுந்தால் தப்பலாம், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குள் 'ஸ்டிக்கி' என்ற சொல் விதிமுறையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மடங்கை முடித்தாலும் போனஸ் தொகை வெளியே வராது, அதில் ஜெயித்தது மட்டும்தான் வரும். இந்தப் போனஸை எடுக்க வேண்டாம்.

சேமிப்பை நிறுத்துவதற்கும் என் பதில் 'கூடாது'தான். விட்டதைப் பிடிக்க என்று சொன்னீர்கள். அந்த 590 எங்கேயும் காத்திருக்கவில்லை. அதைத் தேடி இன்னும் 14,400 சுழற்றினால், கணக்குப்படி இன்னொரு 576தான் போகும். சேமிப்பில் ஒரு மாதம் தவறினால் அந்த மாதத்துத் தொகையோடு, அது பின்னால் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியும் போகும்.

இப்போது கார்டு. சூதாட்டத் தளத்தில் கார்டு போட்டால் பல வங்கிகள் அதைப் பொருள் வாங்கியதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்ததாகவே பார்க்கின்றன. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வட்டியில்லாத நாட்கள் கிடையாது, போட்ட அன்றிலிருந்தே வட்டி ஓடும். பிரிட்டன் 2020 ஏப்ரலில் சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டையே தடை செய்தது. உங்கள் கார்டு அறிக்கையை இன்றே திறந்து அந்த இரண்டு வாரத் தொகை எந்தத் தலைப்பில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ரொக்கம் என்று இருந்தால் தவணைத் தேதி வரை காத்திருக்காமல் கட்டிவிடுங்கள். சேமிப்பைத் தொட வேண்டுமென்றால் இதற்கு மட்டும் தொடுங்கள். நேரில் ஆடப் போனால் கேசினோவே கடன் தரும், 'மார்க்கர்' என்பார்கள். பெயர் சாதுவாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நெவாடாவில் அதைத் திருப்பித் தராவிட்டால் பணமில்லாத காசோலை கொடுத்த குற்றமாகவே வழக்கு வரும்.

கடன் முடிந்த பிறகும் ஆட வேண்டும் என்றால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மாதம் 100 போனால் போகட்டும் என்கிறீர்களா? 100ஐ 4 சதவீதத்தால் வகுத்தால் 2,500. ஸ்பின்னுக்கு 2 வீதம் 1,250 ஸ்பின்கள், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஸ்பின்னுக்கு அரை என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். இதுவும் சராசரிதான், ஒரே நாளில் 100ம் போகும் நாள் வரும். அன்று அந்த மாதம் முடிந்தது. ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லுங்கள்: கார்டை எடுத்த அந்த இரண்டு வாரமும் வீட்டில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றால் மேலே போட்ட கணக்கு உங்களுக்கானது இல்லை. தளத்தின் அமைப்புப் பகுதியில் சுயவிலக்கு என்று, உங்களை நீங்களே ஆட விடாமல் தடுத்துக்கொள்ளும் ஒரு பட்டன் இருக்கும். ஆறு மாதத்துக்கு அழுத்திவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கை அரித்தால், சூதாட்டப் பழக்கத்துக்கென்றே உதவி எண்கள் பல நாடுகளில் இருக்கின்றன.

உங்கள் எக்செல் தாளில் 'போட்டது', 'வந்தது' என்று இரண்டு பத்திகள் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவதாக 'மொத்தப் பந்தயம்' என்று ஒன்றைச் சேர்த்து, ஆறு மாத அறிக்கையையும் பதிவிறக்கி நிரப்புங்கள். பக்கத்திலேயே அதன் 4 சதவீதத்தையும் போடுங்கள். கார்டு பாக்கி தீரும்வரை, இனி வரும் வாரங்களுக்கு அந்தப் பத்தியில் பூஜ்யம்.